சீகைக் கட்டையில் ஒரு பாத்திரப் பிரஷ்: பதினோராவதுதான் நின்றது

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் சமையலறைத் தொட்டியில் பத்து மாதமாக அடிபட்டுக்கொண்டிருந்த பிரஷை எடுத்து வந்து, பின்பக்கத்து இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றிப் பார்த்தேன். உள்ளே பூசணம் இல்லை. கம்பியில் துரு இல்லை. மரம் நிறம் மங்கியிருக்கிறது, வெடிக்கவில்லை. ஓரத்து வரிசை நார் மட்டும் பாதியாகத் தேய்ந்திருந்தது. அந்த வரிசையின் கம்பியை உருவி எட்டுக் கொத்தையும் மாற்றிப் போட்டேன், இருபது நிமிடம் ஆனது. பிரஷ் மறுபடி தொட்டிக்குப் போய்விட்டது. அதன் அடியில் பென்சிலால் 11 என்று எழுதியிருக்கிறேன். மற்ற பத்தும் என்ன ஆயின என்பதுதான் இந்தப் பதிவு.

ஆரம்பித்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். கோத்தகிரியில் எங்கள் தெருவுக்கு வரும் குப்பை வண்டியில் பழைய பாத்திரப் பிரஷைக் கொடுத்தபோது வண்டிக்காரத் தம்பி வாங்கவில்லை. பால் கவர் எடுப்பார், பாட்டில் எடுப்பார், பிரஷ் வேண்டாம் என்றார். யோசித்தால் அவர் சொல்வது நியாயம்தான். கைப்பிடி ஒரு பிளாஸ்டிக், முடி நைலான், நடுவில் இரும்புத் துண்டு. இதைப் பிரித்தெடுக்க யாருக்கும் கட்டுப்படியாகாது, பிரிக்காமல் உருக்கவும் முடியாது.

சரி, மூங்கிலில் கிடைக்கிறதே என்று ஆன்லைனில் ஒன்று வாங்கினேன், 260 ரூபாய். அட்டைப்பெட்டி, பச்சை இலைப் படம், எல்லாம் இருந்தது. நாலைந்து முடியைப் பிடுங்கித் தீக்குச்சியில் காட்டினேன். உருகிச் சுருண்டு நுனியில் கடினமான உருண்டையாக நின்றது. செடி நார் என்றால் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாக உதிரும், உருகாது. அதாவது மூங்கில் பிடியில் நைலான் முடி. கடைக்குப் போகும்போது இந்தச் சோதனையைச் செய்ய முடியாது, ஆனால் வீட்டில் ஒரு நிமிட வேலை. அன்றைக்குத்தான் நாமே செய்து பார்க்கலாமே என்று கை அரித்தது.

அப்புறம் நிஜமாகவே கை அரித்தது. முதல் இரண்டு பிரஷுக்கும் சில்வர் ஓக் எடுத்தேன். தேயிலைத் தோட்டத்துக்கு நிழலுக்கு வைக்கும் மரம், இங்கே எங்கு திரும்பினாலும் இருக்கிறது. நம் நிலத்தில் நிற்கும் மரமாயிற்றே என்று நாமே வெட்டிவிடவும் முடியாது. தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-இலிருந்தே இருக்கிறது, அனுமதி வாங்க வேண்டும். அதனால் மரக்கடையில் துண்டு வாங்கினேன். இழைக்க அருமையாக இருந்தது, லேசான மரம், ரேகை வெள்ளிச் செதில் மாதிரி மின்னும். இரண்டாம் நாள் மணிக்கட்டு முழுக்கத் தடிப்பு. தூள் பட்ட இடமெல்லாம் அரிப்பு. எங்கள் ஆசாரி அண்ணன் சாவகாசமாக, "அது சில பேருக்கு ஒத்துக்காது தம்பி, நான் முழுக்கைச் சட்டை போட்டுத்தான் இழைப்பேன்" என்றார். முன்னாடியே சொல்லியிருக்கலாம். தினமும் ஈரக் கையில் பிடிக்கிற பொருளுக்கு, யாரோ சிலருக்கு ஒத்துக்காத மரம் சரிப்படாது என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ். அந்தத் துண்டு காயும்போதே முறுக்கிக்கொண்டது. ஓட்டை போட்டதும் ஓட்டைக்கு ஓட்டை கோடு விட்டது. அதைப் பற்றி மேலே சொல்ல ஒன்றுமில்லை.

உண்ணிக்குச்சியிலும், அதாவது லாண்டானா புதரின் குச்சியிலும், பார்த்தேன். கூடலூர்ப் பக்கம் உண்ணிக்குச்சியில் செய்த நிஜ அளவு யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் போய் நின்றன, அந்தப் படங்களைப் பார்த்த மயக்கம். குச்சியைத் தண்ணீரில் போட்டு மூன்று மணி நேரம் கொதிக்கவைத்தால் தோல் உரிந்து வரும், சூட்டோடு வளைக்கவும் வளையும். கூடைக்கும் நாற்காலிக்கும் நல்ல பொருள். ஆனால் 32 ஓட்டை போட அகலமான கட்டை அதில் எங்கே கிடைக்கும்? பெருவிரல் பருமனுக்கு மேல் நேரான குச்சியே கையில் மாட்டவில்லை.

கடைசியில் நின்றது சீகை, சீகைக்காய் இல்லை, வாட்டில் என்பார்களே அந்த மரம். வெள்ளைக்காரன் காலத்தில் விறகுக்காகக் கொண்டுவந்து நட்ட ஆஸ்திரேலிய மரம், இப்போது புல்வெளியையும் சோலை ஓரத்தையும் தின்றுகொண்டிருக்கிறது. ஆசாரிமார் யாரும் இதை மரமாகவே மதிப்பதில்லை. "விறகுக்குப் போறதை வச்சுட்டு என்ன பண்ணப் போற?" என்றுதான் அண்ணனும் கேட்டார். விறகுக் கடையில் கிலோ எட்டு ரூபாய். ஒரு சாண் சுற்றளவுக் கிளைகளைத் தள்ளிவிட்டு, குறுக்கே நாலு அங்குலத்துக்குக் குறையாத உருண்டைகளாகப் பொறுக்கினேன். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சீகையில் காயவைப்பதுதான் வேலையே. முதல் தடவை உருண்டையாகவே வெயிலில் போட்டேன், ஒரே வாரத்தில் நடுவிலிருந்து பட்டை வரைக்கும் பிளந்துவிட்டது. இப்போது செய்வது: வாங்கிய அன்றே நான்காகப் பிளந்து, இரண்டு முனையிலும் உருக்கிய தேன்மெழுகைத் தடவி, கூரைக்கு அடியில் காற்றோட்டமாக, இடையிடையே ரீப்பர் வைத்து அடுக்குவது. ஐந்து மாதம் ஆகும். ஒரு துண்டைத் தனியாக வைத்து மாதம் ஒருமுறை எடை போட்டேன். 412 கிராமில் தொடங்கி 268-இல் நின்றது. இரண்டு மாதம் தொடர்ந்து எடை மாறவில்லை என்றால் காய்ந்துவிட்டது என்று கணக்கு. ஆர்வக்கோளாறில் 900 ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் மீட்டரும் வாங்கினேன், அது 14 சதவீதம் என்றது. தராசே போதும், அந்தக் காசு வீண்.

அளவுகள்: முன்பலகை 90க்கு 50 மில்லிமீட்டர், கனம் 15. மேலே மூடும் பலகை அதே அளவு, கனம் 6. (அண்ணனிடம் 15 மில்லி என்று சொன்னால் முறைப்பார், ஐந்து நூலுக்குக் கொஞ்சம் குறைய என்று சொல்ல வேண்டும்.) ஓரத்தில் 10 மில்லி விட்டு, பத்துப் பத்து மில்லி இடைவெளியில் நீளவாக்கில் எட்டு, அகலவாக்கில் நான்கு, மொத்தம் 32 ஓட்டை. முன்பக்கத்திலிருந்து 5 மில்லி பிட்டில் 12 மில்லி ஆழம், மிச்சமுள்ள 3 மில்லியை 2 மில்லி பிட்டால் துளைத்து முடிப்பது. ஆழத்துக்குப் பிட்டில் டேப் சுற்றி அடையாளம். பழைய பிஸ்கட் டின் மூடியை வெட்டி, அதில் 32 புள்ளியும் குத்தி அச்சாக வைத்திருக்கிறேன். கையால் டிரில் பிடித்தபோது பாதி ஓட்டை கோணலாகப் போனது. 1,600 ரூபாய்க்கு டிரில் ஸ்டாண்டு வாங்கிய பிறகு அந்தத் தலைவலி போயிற்று. இந்த முழு முயற்சியிலும் யோசிக்காமல் மறுபடி வாங்குவேன் என்றால் அது ஒன்றுதான்.

கொத்து கோப்பது பழைய கைமுறை. பின்பக்கத்திலிருந்து கம்பியை மடித்து 2 மில்லி ஓட்டை வழியே விட்டால் முன்பக்கம் ஒரு சின்ன வளையம் எட்டிப் பார்க்கும். 70 மில்லி நீளத்துக்கு வெட்டிய நார்க்கொத்தை அதற்குள் பாதிவரை நுழைத்து, பின்னாலிருந்து கம்பியை இழுத்தால், கொத்து இரண்டாக மடிந்து ஓட்டைக்குள் போய் அந்த 3 மில்லித் திண்டில் முட்டி உட்காரும். அப்படியே கம்பியை அடுத்த ஓட்டைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். கம்பி விரலை அறுக்கும், ஒரு துண்டுக் குச்சியில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு இழுக்கலாம். கொத்துக்கு 25 நார் வைத்தேன், ஒரு வாரத்தில் ஒவ்வொன்றாக உதிர்ந்து சாம்பாரில் வந்தது. 35 வைத்தால் இறுகிவிடுகிறது. 40 வைத்தால் உள்ளே போகாது. எண்ணிக்கொண்டிருக்க முடியாது, 35 நாருக்குச் சரியாக ஒரு பேனா மூடியின் வாய் இருந்தது, அதுதான் இப்போது என் அளவு.

நாரில் என் தப்பு, பொள்ளாச்சித் தேங்காய் நார் பக்கத்திலேயே இருக்கிறதே என்று அளவில்லாமல் வாங்கியது. கிடைத்தது மெத்தைக்குப் போகிற குட்டை நார். நனைந்ததும் தொய்ந்து படுத்துக்கொண்டது, இட்லித் தட்டுக் குழியில் ஒட்டியதை அதனால் அசைக்க முடியவில்லை. பிரஷுக்கு என்று நீளமான விறைப்பு நார் தனியாகப் பிரித்து விற்கிறார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதற்குள் தூத்துக்குடிப் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர் பனந்தும்பு இரண்டு கிலோ பஸ்ஸில் போட்டுவிட்டார், கிலோ 220 ரூபாய் வீதம். பனைமட்டையின் அடிப்பகுதியைத் தட்டி எடுக்கிற நார். ஈரத்திலும் விறைப்பு போகவில்லை, வெந்நீரிலும் போகவில்லை. கோத்தகிரியில் பனை ஏது, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வருகிறதே, உள்ளூர்ப் பொருள் என்ற கொள்கை என்ன ஆயிற்று என்று கொஞ்ச நாள் உறுத்தியது. ஒரு பிரஷுக்கு வெட்டுக் கழிவோடு சேர்த்து 25 கிராம்தான், இரண்டு கிலோவில் 80 பிரஷ் ஆகும். எப்படியும் ஓடுகிற பஸ்ஸில் ஒரு சின்ன மூட்டை. மூன்று மாதத்தில் தூக்கிப்போடும் உள்ளூர் நாரைவிட இது தேவலை என்று முடிவுசெய்தேன்.

அம்மாவின் விமர்சனம் வேறு மாதிரி: "இது என் நான்ஸ்டிக்கை உரிச்சுடும் போலிருக்கே." உண்மைதான். இரும்புக் கடாய், எவர்சில்வர், மண்சட்டிக்கு மட்டும்.

நான்காவதும் ஐந்தாவதும் சீகையில் செய்து, கட்டுக்கம்பியில் கோத்து, ரொம்பப் பெருமையாகச் சமையலறையில் வைத்தேன். மறுநாள் காலை பிரஷைச் சுற்றி மேடையில் கறுப்பு வட்டம். மரமே ஓட்டைக்கு ஓட்டை நீலக் கறுப்பாகிவிட்டது. எரிந்துபோன மாதிரி இருந்தது. தேய்த்தாலும் போகவில்லை. இது துரு இல்லை, மை. கடுக்காயையும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சுவார்களே, அதே வேலை. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். சீகைப் பட்டையைத் தோல் பதனிடவே எடுத்துப் போகிறார்கள், அவ்வளவு துவர்ப்பு. கட்டையிலும் கொஞ்சம் இருக்கிறது, ஈரம் பட்டதும் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு 304 எவர்சில்வர் கம்பி, அரை மில்லி, 50 மீட்டர் சுருள் 180 ரூபாய். ஒரு பிரஷுக்கு ஒரு மீட்டர் போகிறது. பித்தளைக் கம்பியும் ஓடும், விலைதான் கூட. உலோகமே வேண்டாம், நூலால் கட்டலாம் என்று ஒரு பிரஷ் முயன்றேன், ஆறாவதோ என்னவோ, பருத்தி நூல் மூன்று வாரத்தில் இற்றுவிட்டது.

அடுத்த மூன்றும் பசையால் கெட்டன, இல்லை, என் பிடிவாதத்தால் கெட்டன. பின்பலகையைத் தண்ணீர் புகாமல் ஒட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். வெள்ளைப் பசை வெந்நீரில் இளகி விட்டுவிட்டது. சரி என்று இரண்டு டப்பா கலக்கிற எப்பாக்ஸி போட்டேன், அது விடவே இல்லை. ஐப்பசி, கார்த்திகைதான் கோத்தகிரிக்குப் பெரிய மழை, துணியே ஒரு வாரம் காயாது. அந்த மழையில் பிரஷ் நாற ஆரம்பித்தது. ரம்பத்தால் குறுக்கே அறுத்துப் பார்த்தால் உள்ளே முழுக்கக் கறுப்புப் பூசணம். நார் வழியாகத் தண்ணீர் உள்ளே போகத்தான் செய்யும், அதைத் தடுக்க முடியாது. பின்னால் நான் அடைத்துவிட்டதால் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது. அதோடு எப்பாக்ஸி போட்ட பிரஷை எரிக்கவும் கூடாது, மக்கவும் மக்காது, நாரை மாற்றவும் முடியாது. குப்பை வண்டித் தம்பி வேண்டாம் என்று சொன்ன அதே பொருளை மரத்தில் செய்து வைத்திருந்தேன்.

பசையே இல்லாமல் 3 மில்லி, 16 மில்லி நீள எவர்சில்வர் ஸ்க்ரூ. மூலைக்கு ஒன்றாக நான்கு போட்டேன், ஓரம் பிளந்தது. இப்போது இரண்டே ஸ்க்ரூ, நான்கு ஓட்டைக்கு நடுவில் வருகிற வெற்றிடத்தில், முதலில் 2 மில்லியில் வழி துளைத்துவிட்டு. கம்பி வரிசையாக ஓட்டைக்கு ஓட்டை நேராகப் போவதால் அந்த நடுப்புள்ளியைத் தொடாது. கம்பி முடிச்சுகளால் மூடி ஆடியது. அதற்காக ஒவ்வொரு ஸ்க்ரூவிலும் இரண்டு பலகைக்கும் நடுவே அரை மில்லி வாஷர் இரண்டு போட்டதில் ஒரு மில்லி இடைவெளி விழுந்தது. ஆட்டத்தை நிறுத்தத்தான் போட்டேன். அந்த இடைவெளி வழியாகக் காற்று போய் உள்பக்கம் ராத்திரிக்குள் காய்ந்துவிடுகிறது என்பது பிறகுதான் புரிந்தது. உதறிவிட்டு நார் கீழே பார்க்கத் தொங்கவிட்டால் போதும்.

எண்ணெய் விஷயத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். தேங்காய் எண்ணெய் காயாத எண்ணெய், பிசுபிசுத்துக் கொஞ்ச நாளில் சிக்கு வாடை அடிக்கும், எங்கள் ஊர்க் குளிரில் மரத்தின் மேலேயே வெள்ளையாக உறைந்தும் நின்றது. தேன்மெழுகு பார்க்க அழகு, ஆனால் 62, 64 டிகிரியில் உருகிவிடும். இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும்தான், என்றாலும் மெழுகுக்கு அதுவே அதிகம். ஒன்பதாம் பிரஷின் மெழுகு முழுக்க ஒரு குக்கரின் அடியில் படிந்து, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். காய்ச்சாத பச்சை ஆளிவிதை எண்ணெய் மட்டும் காற்றில் இறுகி மரத்துக்குள்ளேயே நிற்கிறது. துணியில் தொட்டு மெல்லியதாக மூன்று பூச்சு. சித்திரையில் ஒரு பூச்சு காய நான்கு நாள், கார்த்திகையில் பதினொரு நாள் ஆகியும் விரல் ஒட்டியது. அதனால் மழைக்காலத்தில் எண்ணெய் வேலையே வைப்பதில்லை. துடைத்த துணியைச் சுருட்டி டப்பாவில் போடாதீர்கள். ஒரு நாள் காலையில் அந்த டப்பாவைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், சுருண்ட துணியில் அது வெளியேற வழியில்லாமல் தானாகவே பற்றிக்கொள்ளக்கூடும். இப்போது துணியைத் தண்ணீரில் முக்கி, கொடியில் விரித்துப் போட்டுவிடுகிறேன்.

பத்தாவதை ஏறக்குறைய வெற்றி என்றே சொல்லலாம். 32 கொத்தையும் ஒரே கம்பியில் கோத்திருந்தேன், நான்காம் மாதம் ஓர் இடத்தில் கம்பி அறுந்து, நடுவில் பாதி வழுக்கையானது. பதினொன்றில் வரிசைக்கு ஒரு கம்பி, மொத்தம் நான்கு. ஒரு வரிசை போனால் அது மட்டும் போகும்.

இடையில் பொட்டலத்துக்கும் ஒரு கூத்து நடந்தது. தெரிந்தவர்கள் கேட்டதால் ஏழெட்டுப் பிரஷ் கொடுக்க வேண்டியிருந்தது. மலைக்குள் பிளாஸ்டிக் பைக்குத் தடை, மக்கும் பை என்று அச்சிட்ட பை 50 வாங்கினேன். ஒன்றை எங்கள் எருக்குழியில் புதைத்தேன். பதினாலு மாதம் கழித்துத் தோண்டினால் எழுத்துகூட அழியாமல் வந்தது, மண்ணைக் கழுவி மறுபடி பயன்படுத்தலாம் போல. மக்காச்சோளத்திலிருந்து எடுக்கிற பி.எல்.ஏ. என்கிற பிளாஸ்டிக் வகை மக்குவதற்கு 58 டிகிரி அளவுக்குச் சூடு பல வாரம் தொடர்ந்து வேண்டும், பெரிய உரக் கூடத்தில்தான் அது சாத்தியம். எங்கள் குழியில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்ததில் நல்ல வெயில் காலத்திலேயே 41-ஐத் தாண்டவில்லை. பை பொய் சொல்லவில்லை, எந்த இடத்தில் மக்கும் என்பதைச் சொல்லவில்லை. இப்போது ஒரு காகிதப் பட்டையும் சணல் முடிச்சும்தான்.

செலவு, இன்றைய கணக்கில் ஒரு பிரஷுக்கு: மரம் 6 ரூபாய், நார் 6, கம்பி 4, ஸ்க்ரூவும் வாஷரும் 9, எண்ணெய் 4, காகிதம் 1. ஆக முப்பது. முதல் பிரஷுக்கு மூன்று மணி நேரம் ஆனது, இப்போது 50 நிமிடம். ஒரு நாளைக்கு 600 ரூபாய் கூலி என்று எனக்கு நானே வைத்துக்கொண்டால் அது 63 ரூபாய். வெடித்தது, கோணினது எல்லாம் சேர்த்து 130-க்குக் கொடுக்கிறேன், தேய்ந்ததைக் கொண்டுவந்தால் நார் மாற்ற 50. கடையில் நைலான் பிரஷ் 35 ரூபாய்க்குக் கிடைக்கும்போது இது எடுபடுமா என்று கேட்டால், எடுபடாது. இதுவரை வாங்கியவர்கள் எல்லாருமே தெரிந்தவர்கள், அதில் இரண்டு பேர் அதை ஷோகேஸில் வைத்திருக்கிறார்கள்.

அடுத்த முறை மாற்றப் போவது சில உண்டு. ஓரங்களை இன்னும் உருட்ட வேண்டும், சின்னக் கையில் மூலை குத்துகிறது என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். ஓரத்து வரிசைதான் முதலில் தேய்கிறது, அதற்கு மட்டும் ஓட்டை ஐந்தரை மில்லி வைத்துக் கொத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். தொங்கவிட மூடிப்பலகையில் ஒரு துளை. எல்லாப் பிரஷும் ஒரே நாளில் வேண்டும் என்று அவசரப்பட்டு அரைகுறையாகக் காய்ந்த கட்டையை எடுக்கக்கூடாது. போன மாதம் அப்படி எடுத்த மூன்றில் ஸ்க்ரூ தளர்ந்துவிட்டது.

அம்மா இப்போது பால் பாட்டில் கழுவ நீளப் பிரஷ் கேட்கிறார். அதற்கு இந்த முறை ஆகாது, இரண்டு கம்பிக்கு நடுவில் நாரை வைத்து முறுக்க வேண்டும். கூரைக்கு அடியில் 46 துண்டு அடுக்கியிருக்கிறேன், மெழுகு தடவிய தேதி ஒவ்வொன்றின் முனையிலும் சாக்பீஸில் இருக்கிறது. ஆவணிக்கு முன்னால் அதைத் தொடுவதில்லை. நேற்று ஆசாரி அண்ணன் வந்து அதில் ஒன்றைப் புரட்டிப் பார்த்தார், நகத்தால் கீறினார், உளிக்குப் பிடி போட இரண்டு துண்டு தருவாயா என்று கேட்டார்.